சுவரில் எண்ணெய்க் கறை

இடித்துக் கட்டும்போதும் ஆஸ்பத்திரியை மூடவில்லை. டாக்டரை மாடி அறைக்கு மாற்றிவிட்டு, கீழே பழைய அறையின் கதவைச் சாத்தி, உள்பக்கம் செங்கல் வைத்து அடைத்தார்கள். வெளியே பெஞ்சில் காத்திருந்த பெரியவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சுவரில் தலை சாய்த்தபடியே சாயங்காலம் போய்ச் சேர்ந்தார்.

அந்தச் சுவருக்கு பெயிண்ட் அடிப்பது என் வேலை. பெஞ்சை எடுத்துப் போட்டு, அவர் தலை பட்ட எண்ணெய்க் கறையைச் சுரண்டி, பட்டி பார்த்து, அடித்தேன். காலையில் கறை அதே இடத்தில் இருந்தது. சுவரையே கொத்திப் புதிதாகப் பூசினோம். பூச்சு காய்வதற்குள் கறை வந்துவிட்டது.

"எவன்யா எண்ணெய்த் தலையோட சாஞ்சது?" என்று மேனேஜர் எரிந்து விழுந்தார். "நாளைக்கு முதலாளி வர்றாரு. பழைய பெஞ்சைப் போட்டுத் தொலைங்க. ஆளுங்க உக்காந்தா கறை தெரியாது."

போட்டோம். மறுநாள் நிற்க இடமில்லாத கூட்டம். பெஞ்சில் கறைக்கு நேரே மட்டும் ஒரு இடம் காலி. பக்கத்தில் நிறைமாதப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

"உக்காரும்மா, இடம் இருக்குல்ல?" என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவாப் பேசுங்கண்ணே, பெரியவர் தூங்குறாரு. டாக்டர் மாடியிலன்னு யாராச்சும் அவர்கிட்ட சொல்லக் கூடாதா?"