முதல் வரிசையில் அம்மா

“உங்கம்மாவப் பாரு. நான் தோத்துக்கிட்டு இருக்கேன், அவ கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருக்கா. வீட்டுக்குப் போக அவ்வளவு அவசரம்” என்று அப்பா திரையைக் காட்டினார்.

அப்பா தோற்றுப்போன பழைய சர்வதேசச் சதுரங்கப் போட்டியை வைத்து நான் ஆவணப்படம் தொகுத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பாட்டை அவர் சொந்தக்காரர்களிடமெல்லாம் பாடி முடித்தாயிற்று. பக்கத்தில் அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தைரியமா ஆடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா” என்றேன்.

“பாக்க வந்தவங்க வாயே தெறக்கக் கூடாது. வெளிய அனுப்பிடுவாங்க” என்று அப்பாவே பதில் சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார்.

இன்னொரு கேமராவில் எடுத்ததை ஓட்டினேன். மேசை நெருக்கத்தில் தெரிந்தது. பலகையை விட்டுத் தலை நிமிராத அப்பா, தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டுகிறார். மேசைமேல் இருந்த ஆட்டக் கடிகாரத்தில் எதிராளியின் பக்கம், நேரம் தீர்ந்தால் விழும் சிவப்புக் கொடி அதற்கு முன்பே விழுந்து கிடக்கிறது. அதைச் சுட்டிக்காட்டியிருந்தால் போதும், அவர் ஜெயித்திருப்பார்.

“இந்தக் கடிகாரத்தையாம்மா பாத்துக்கிட்டு இருந்த?” என்று திரும்பினேன். அம்மா ஆமென்று தலையசைத்தாள்.

“அவர்கிட்ட சொல்லிடாத. தாங்க மாட்டார்.”

கதவு திறந்தது. திரையை அணைத்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“என்னம்மா, நீயும் கடிகாரத்தையே பாக்குற?” என்றார் அப்பா.