கோட்டுக்கு உள்ளே

முதல் கல் நடுவரின் புருவத்தில் பட்டது.

இரண்டாவதை யாரும் பார்க்கவில்லை. அதற்குள் கயிறு அறுந்து, ஊரே கபடிக் களத்துக்குள் கொட்டிவிட்டது.

அவள் கோட்டுக்கு வெளியே நின்றாள். அந்தக் கடற்கரை ஊர்ப் பெண்கள் அணிக்கு அவள்தான் பயிற்சியாளர்; ஊருக்கு டீச்சர்.

தன் பிள்ளை அவுட் இல்லை என்று சொல்லப் போனவளிடம் அந்த நடுவர் சொன்னது இன்னும் காதில் கொதித்தது.

"தாலியறுத்தவ பழக்குனா பிள்ளைக இப்படித்தான் ஆடும். போ, மீன் நாத்தம் தள்ளி நிக்கட்டும்."

அவள் புருஷனைக் கடல் கொண்டுபோய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

சொன்னதோடு விட்டாரா? கூட்டத்தைப் பார்த்து மூக்கை வேறு பொத்திக் காட்டினார்.

இப்போது அந்த மூக்கில் ரத்தம்.

அவளுக்கு நன்றாக இருந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? நாற்காலி ஒன்று அவர் முதுகில் உடைந்தபோது, இன்னொன்று வராதா என்று பார்த்தாள்.

வந்தது.

பிறகு, ஜெனோவாவின் அப்பா பந்தல் காலைப் பிடுங்கினார். ஜெனோவா அணியின் கேப்டன். கோபம் வந்தால் அவள் அப்பாவுக்குக் கண் தெரியாது.

நடுவர் தரையில் கிடந்தார். கம்பு அவர் தலைக்கு நேராக உயர்ந்தது.

வெளியே நின்றவள் கோட்டைத் தாண்டி ஓடினாள்.

"சங்கிலி போடுங்கடீ!"

பாடி வருபவளை மடக்குவதற்காகத் தினமும் பழகியது. பிள்ளைகள் யோசிக்கவே இல்லை. கை கோர்த்து, நடுவரைச் சுற்றி வளைத்து நின்றார்கள். இந்த முறை முகம் ஊரைப் பார்த்து.

கம்பு அவள் தோளில் இறங்கியது.

எலும்பு முறிந்த சத்தம் ஜெனோவாவின் அப்பாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். "டீச்சர்" என்றார். கம்பைக் கீழே போட்டார்.

கூட்டம் பின்வாங்கியது. கலையவில்லை.

நடுவர் எழுந்தார். உடைந்த பல்லைத் துப்பினார். சுற்றி நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

ஒரு நன்றியை அவள் எதிர்பார்க்கவில்லை என்றால் அது பொய்.

அவர் அவளுடைய கால்களைப் பார்த்தார்.

விசில் ஊதினார். எதிரணிப் பக்கம் கையை நீட்டினார். பயிற்சியாளர் களத்துக்குள் வந்தால் எதிரணிக்கு ஒரு புள்ளி. சமமாக நின்ற ஆட்டம் அதோடு கைவிட்டுப் போனது.

எதிரணி எப்போதோ வேனில் ஏறிவிட்டிருந்தது. ஆளில்லாத பாதிக் களத்துக்கு அவர் புள்ளி கொடுத்தார்.

"வெளிய போ."

விதி அதுதான். தொங்கிய கையைப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே நடந்தாள்.

நடுவரைச் சுற்றிய சங்கிலியில் ஜெனோவா முதலில் கையை விட்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக விட்டு, டீச்சர் பின்னால் வந்தார்கள்.

கூட்டம் அவர்களுக்கு மரியாதையாக வழிவிட்டது.

கடைசிப் பிள்ளை வெளியே வந்ததும், வழி மூடிக்கொண்டது.