அம்பாரித்தா பக்கம்

மழையில் நனைந்த முதுகுப்பையோடு, ஏரி நடுவே சமோசிர் தீவிலிருந்த தியுர்மாவின் விடுதிக்குள் ஓடிவந்த பெரியவர் ஒரு புகைப்படத்தை நீட்டினார்.

“என் பையனைப் பாத்தீங்களாம்மா? அவன் ஸ்வெட்டர் என்கிட்ட இருக்கு. குளிர்ல நடுங்குவானே!”

“பாத்தேனே! காலைல இங்கதான் மீன் சாப்பிட்டான். அம்பாரித்தா பக்கம் நடந்து போனான்.”

பெரியவர் தியுர்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விரைந்தார்.

புது மருமகள் லஸ்மாரியா கேட்டாள். “காலைல யாருமே சாப்பிட வரலையே அத்தை?”

“அவன் வந்த படகு மூணு வருஷம் முன்னாடியே ஏரியில கவுந்துடுச்சு. அதைச் சொன்ன அன்னிக்கு இவர் நேரா தண்ணிக்குள்ள இறங்கிட்டார். நாலு பேர் சேர்ந்து இழுத்துப் போட்டோம்.”

தியுர்மா அம்பாரித்தா விடுதிக்குப் போன் செய்தாள்.

“பெரியவர் வர்றார். பையன் இப்பத்தான் அடுத்த ஊருக்குக் கிளம்பினான்னு சொல்லிடு.”