தலை அசைந்த படம்

எல்லோரும் சௌக்கியமா? என் வீட்டுக்காரருக்குத்தான் மூளையில் கட்டி. பேச்சு வரும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், வியாழக்கிழமை ஆபரேஷனுக்குப் பிறகு பேசுவாரா என்று சொல்ல முடியாதாம். இத்தனை வருஷம் மட்டும் என்ன பேசிவிட்டார்? பெண் பார்க்க வந்த அன்றும் தலையைத்தான் ஆட்டினார். சம்மதம் என்று வாய் திறந்து சொன்னது என் மாமியார்.

நேற்று எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அவரைக் குழாய்க்குள் அனுப்பிவிட்டு, நிலோஃபர் என்கிற பெண் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, “ஐயா, தலைய ஆட்டாதீங்க. எதுவா இருந்தாலும் வாயால சொல்லுங்க” என்று மைக்கில் சொன்னாள். எனக்கு ஆசை வந்துவிட்டது.

“நானும் ஒண்ணு கேட்டுக்கட்டுமா பாப்பா?”

“சீக்கிரம் கேளுங்கம்மா, அடுத்த படம் ஆரம்பிக்கணும்.”

“என்னங்க, என்னைக் கட்டிக்கிட்டது உங்களுக்கு இஷ்டந்தானா?”

அவர் எதற்கும் யோசிப்பார். அதற்குள் மிஷின் தடதடக்கத் தொடங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் நிலோஃபர் தலையில் அடித்துக்கொண்டாள். “ஆட்டிட்டாரும்மா. படம் கலங்கிப் போச்சு, மறுபடி எடுக்கணும்.”

“மேலயும் கீழயுமா ஆட்டினாரு, பக்கவாட்டுலயா?”

“எனக்குச் சொல்லத் தெரியலம்மா. ஆட்டினது மட்டும் தெரியுது.”

வெளியே வந்தவரிடம் மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளிடம் கெஞ்சி, அந்தப் படத்தை என் போனில் பிடித்துக்கொண்டு வந்தேன். கோலத்தில் தண்ணீர் கொட்டினாற்போல் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படிப் படம் கலங்கி, எப்படி ஆட்டினார் என்று கண்டுபிடித்திருந்தால், எனக்கு எழுதுங்கள். புதன்கிழமைக்குள் எழுதினால் நல்லது.