நாத்தனாரின் முறை

நாத்தனார் ஊதவில்லை.

கிளாரினெட்டை வாயில் வைத்திருந்தாள். விரல்கள் துளைகளின் மேல் இருந்தன. கன்னங்கள்கூட இறுகியிருந்தன. சத்தம் மட்டும் இல்லை.

மேடையில் இவளும் நாத்தனாரும், இரண்டே பேர். இரண்டு கிளாரினெட்டுகள். இவள் எழுதிய இசை, இன்றுதான் அரங்கேற்றம். அதன் நடுவில் இவள் வாத்தியத்தை இறக்கிவிட வேண்டும். நாத்தனார் மட்டும் உச்ச ஸ்தாயியில் ஒரே ஒரு சுரத்தை நூல் மாதிரி இழுத்துக்கொண்டே போவாள். அந்த நூல் அறுந்த பிறகுதான் இவள் நுழைய வேண்டும்.

இழுத்தால்தானே அறுவதற்கு.

இவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

முதல் நாளே சுதாரித்திருக்க வேண்டும். எழுதிய தாளை ஆசையாக நீட்டியபோது, "என்ன அண்ணி, ரெண்டு கொசு சண்டை போடற மாதிரி இருக்கு" என்று சிரித்தவள்தானே.

ஒத்திகையிலும் இந்த இடம் வந்தால் பட்டும்படாமல்தான் ஊதுவாள். கொஞ்சம் அழுத்தி ஊது, அழுத்தி ஊது என்று சொல்லிச் சொல்லி இவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, இவளையே ஒரு மாதிரி பார்ப்பாள்.

அந்தப் பார்வைக்கு இன்றுதான் அர்த்தம் புரிந்தது. அண்ணன் பெண்டாட்டி இசை எழுதுவதாவது என்கிற இளக்காரம். வீட்டில் காட்டியது போதாதென்று, டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருப்பவர்கள் முன்னாலும்.

முன்வரிசைப் பெரியவர் கண்ணை மூடிவிட்டார். தூங்காமல் வேறென்ன செய்வார். பக்கத்திலிருந்த பெண், மூச்சுகூட விடாமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேடிக்கை.

இதற்கு மேல் பொறுக்க இவளால் முடியவில்லை. வாத்தியத்தை எடுத்துத் தன் பகுதியை ஓங்கி ஊதினாள்.

நாத்தனார் திடுக்கிட்டாள். பெரியவர் கண்ணைத் திறந்து முகம் சுளித்தார்.

எப்படியோ முடிந்தது. கைதட்டல் தயங்கித் தயங்கி வந்தது.

கூட்டம் கலையும்வரை இவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கீழே ஒருவர் நாற்காலிகளை மடித்து அடுக்கத் தொடங்கினார். இவள் திரும்பினாள்.

"பிடிக்கலைன்னா வீட்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? நாலு பேர் முன்னாடி எதுக்கு வாயில வெச்சுக்கிட்டு பொம்மை மாதிரி நின்ன?"

நாத்தனாரிடம் மறுபடியும் அதே பார்வை.

"ஊதிக்கிட்டுத்தான் அண்ணி இருந்தேன்."

பச்சைப் பொய். அதுவும் முகத்துக்கு நேராக. உங்கள் தங்கையின் லட்சணத்தைக் கேளுங்கள் என்று புருஷனிடம் இப்போதே சொல்லிவிட, இவள் கைப்பைக்குள் ஃபோனைத் துழாவினாள்.

நாத்தனாரின் கண் கலங்கியிருந்தது. கிளாரினெட்டை மெல்ல எடுத்து வாயில் வைத்தாள். அதே விரல்கள். அதே இறுகிய கன்னங்கள். அதே நிசப்தம்.

இன்னுமா நடிப்பு என்று கேட்க இவள் வாயெடுத்தாள்.

கீழே நாற்காலி மடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். சத்தம் வந்த பக்கம் திரும்பி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.