புலி வராத படம்

“இதுல புலி எங்க செவ்வந்தி?” படம் முடிந்தும் அம்சம் டிவியையே பார்த்தாள்.

“புலியே கிடையாதும்மா,” என்றாள் மகள்.

“ஆத்து வெள்ளத்துல புலி முதுகுல வருவானே கதாநாயகன். அது கரையேறுறதைப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். வெட்டிட்டாங்களா?”

“முழுப் படம்தான். அப்ப பாபநாசம் கொட்டகையில நீ வேற படம் பார்த்திருப்ப.”

“நான் எங்கடி பார்த்தேன்? கூலிப் போராட்டத்துல ஜெயில்ல இருந்தப்ப உங்கப்பா சொன்ன கதை. மனு போட்டு அவரைப் பார்க்கப் போறப்பல்லாம், நான் அழாம இருக்க, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு கொஞ்சம் கொஞ்சமா சொல்லுவாரு.”

செவ்வந்தி டிவியை அணைத்தாள். “அப்பாவும் இந்தப் படத்தைப் பார்க்கலை போலிருக்கும்மா.”



“புலி நடு ஆத்துல நிக்குது, மிச்சத்தை அடுத்த வாரம் சொல்றேன்னாரு. அதுக்குள்ள காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிடுச்சு. மிச்சம் படத்துல இருக்கும்னு இருந்தேன்.”