படிக்கு ஒரு பொட்டு

இருநூறாவது படியில் மஞ்சளைப் பூசி ரஞ்சிதம் குங்குமம் வைத்தபோது, அந்தக் குங்குமத்தின் மேல் ஒரு நிழல் விழுந்தது.

நிமிர்ந்து திரும்பினாள். மாமியாரின் ஓரகத்தி சின்னம்மாள் கீழ்ப்படியில் நின்றிருந்தாள். அவள் பின்னால் அவள் மகன் ஆனந்தன்.

"போதும், எழுந்திரு. பர்மா சண்டை முடிஞ்சி நாலு மாசம் ஆவுது. நம்ம பொதட்டூர்பேட்டையிலேர்ந்து பட்டாளத்துக்குப் போனவன் எல்லாம் வந்துட்டான். உம் புருசன் மட்டும் வரல. நீ தொட்ட குங்குமத்தத் தாண்டிகினு நாங்க சாமிகிட்ட போவணுமா?"

அன்று முருகன் மலையில் படித் திருவிழா. ஆங்கில வருஷத்தின் கடைசி நாள். நாளுக்கு ஒன்றாக முந்நூற்று அறுபத்தைந்து படிகளுக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டி, பாடிக்கொண்டே ஏறுவார்கள்.

மருமகள் பொட்டு வைக்க, மாமியார் குப்பம்மாள் படிக்கு ஒரு கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்தாள். விடியலில் தொடங்கியது. இப்போது கல் சுட ஆரம்பித்துவிட்டது.

ரஞ்சிதம் எழுந்திருக்கவில்லை. ஒரு படி மேலே நகர்ந்து, சின்னம்மாள் கால் வைக்கப் போகும் இடத்திலேயே மஞ்சளைப் பூசினாள்.

"பாத்தியாக்கா இவ திமிர?"

குப்பம்மாள் தட்டைக் கீழே வைத்தாள்.

"இன்னாடி சின்னம்மா. எம் புள்ள மாசம் ஒரு கடுதாசி போட்டுகினு கீறான். இவ படிக்கறா, நான் கேக்கறேன். இன்னிக்கிக்கூட சாமி பாதத்துல வெக்க எடுத்துகினுதான் வந்துகீறா."

"அப்ப காட்டச் சொல்லு. எம் பையன் எட்டாங்கிளாஸ் பாசு. இங்கிலீஷா இருந்தாலும் படிப்பான்."

குங்குமச் சிமிழுக்குள் போன ரஞ்சிதத்தின் விரல் அங்கேயே நின்றுவிட்டது. கடிதம் அவள் இடுப்பு மடிப்பில் இருந்தது.

ஒரே கடிதம்தான்.

போன சித்திரையில் ஒரு நாள், அவள் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்த வேளையில் தபால்காரர் கொடுத்துவிட்டுப் போனது. பட்டாளத்திலிருந்து ஆங்கிலத்தில் நாலு வரி. மாமியார் களை எடுக்கப் போயிருந்தாள்.

ஊரில் யாரிடமும் காட்டப் பயந்து, மறுநாள் அரக்கோணத்தில் வண்டி மாறி மணவூர் வரை போனாள். முன்பின் தெரியாத ஸ்டேஷன் மாஸ்டரிடம் அதை நீட்டினாள்.

படித்து முடித்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். தன் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். திரும்பும் வண்டி வரும்வரை அவளைத் தனியே விட்டுப் போகவில்லை.

குப்பம்மாளுக்குத் துளசிங்கம் ஒரே பிள்ளை. அவளிடம் அதைச் சொல்ல ரஞ்சிதத்துக்கு நா எழவில்லை.

அதனால் மாதம் ஒரு முறை அதே காகிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, துளசிங்கம் எழுதாததையெல்லாம் படித்தாள். பர்மாவில் மழை விடவில்லை என்றாள். அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லியிருக்கிறார் என்றாள். அன்றைக்கே தேய்த்தும் விட்டாள்.

குப்பம்மாளுக்கு எழுத்து தெரியாது. கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். முடிந்ததும், "ஆங், நல்லாகீறான்," என்பாள்.

ஒவ்வொரு நாள் காலையிலும் பொட்டு வைக்கும்போது ரஞ்சிதத்தின் கை கூசும். ஒரு தாய் தூங்குவதற்காகச் சொல்லும் பொய்யை முருகன் பொறுத்துக்கொள்வான் என்று சொல்லிக்கொள்வாள்.

ஆனந்தன் கையை நீட்டினான். "குடுங்க அண்ணி."

நீட்டிய கைக்கும் ரஞ்சிதத்துக்கும் நடுவில் குப்பம்மாள் வந்து நின்றாள். மருமகளின் இடுப்பிலிருந்து காகிதத்தை உருவித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"சாமிக்குன்னு கொண்டாந்தது. மொதல்ல அவரு படிக்கட்டும் நைனா."

பிறகு சிமிழில் விரலைத் தோய்த்தாள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் பார்க்க, ரஞ்சிதத்தின் நெற்றியில் இருந்த பொட்டின் மேலேயே இன்னொரு பொட்டு வைத்தாள். காலணா அகலத்துக்கு.

"எம் மருமவ வெச்ச பொட்டத் தாண்ட உனக்கு இஷ்டமில்லன்னா, அந்தாண்ட முள்ளு வழி இருக்குது சின்னம்மா. அதுல ஏறிக்க."

சின்னம்மாள் கூட்டத்தைப் பார்த்தாள். கீழிருந்து ஏறிவந்த யாரோ ஒருத்தி, குப்பம்மாளின் தட்டில் அணைந்திருந்த கற்பூரத்தைத் தன் விளக்கில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, பாட்டை விட்ட இடத்திலிருந்து பாடிக்கொண்டு போனாள்.

சின்னம்மாள் மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே நடந்தாள். அந்தப் படிகள் வழியாகத்தான்.

ரஞ்சிதம் குனிந்து அடுத்த படியில் மஞ்சளைப் பூசினாள். அது கோணலாகப் போயிற்று.

குப்பம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்காலைத் தடவிக்கொண்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, காகிதத்தை மருமகளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"மேல போனதும் இத உண்டியல்ல போட்டுடு," என்றாள், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "அடுத்த மாசத்துக்கு வேற காகிதம் எடுத்துக்கம்மா. எட்டு மாசமா அதே மூலையில அதே மஞ்சக் கறை."